பெல்ட்டு நேராக ஓடட்டும், வெள்ளம் நிறையப் பாயட்டும்



கும்பப்பூ நெல் தொண்டைக் கதிரில் நிற்கிறது. கால்வாயில் முறைத் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் நமக்குக் கைகொடுப்பது கிணறும் டீசல் எஞ்சினும்தான். அந்த எஞ்சினும் காலை வாரினால் என்ன செய்வது? நாலு நாள் தண்ணீர் தவறினால் கதிர் பாதியும் பதராகிப் போகுமே!

இப்படி ஒரு தவிப்பிலேதான் இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு பாட்டா பேரனை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பத்து மரக்கால் விதைப்பாடு வயல். விடியற்காலம் தொட்டு எஞ்சின் ஓடுகிறது. டீசல் எரிகிறது. வெள்ளமோ இரண்டாவது வரப்பைத் தாண்டவில்லை.

"பம்பு போச்சு, புதுசு மாத்தணும்னு சொல்லுகான் மக்கா. கையிலே பணம் எங்க இருக்கு? பயிரை விட்டுரவும் மனசு வரல்ல" என்றார் பாட்டா.

நான் பம்பைத் தொடவில்லை. முதலில் காதைக் கொடுத்துக் கேட்டேன். கீச் கீச்சென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். பெல்ட்டுக்குக் கீழே தரையில் கரி தூவினது போலக் கறுப்புப் பொடி. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அது முழுதும் நின்றபிறகு பம்பு புல்லியில் விரலை வைத்தேன். சுட்டது.

"பெல்ட்டு எப்போ மாத்தினது பாட்டா?"

"நாலு நாளுதான் ஆச்சு. ரெண்டுலே ஒண்ணு அறுந்து போச்சு, அந்த ஒண்ணை மட்டும் புதுசு வாங்கிப் போட்டேன். வழுக்குதேன்னு நேத்தைக்கு கொஞ்சம் குங்கிலியப் பொடியும் தூவினேன்."

"சரி, ஒரு நீளமான நூல் கொண்டு வரச் சொல்லுங்க. துறையிலே மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒண்ணும் வேணும்."

"எஞ்சினு நன்னாக்கதுக்கு மீன் தராசா?" என்று பாட்டா சிரித்தார். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கும் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த நூலும் தராசும்தான் அன்றைக்குப் பயிரைக் காப்பாற்றின. எப்படி என்று விளக்கமாகச் சொல்லுகிறேன்.

பெல்ட்டு வழுக்கினால் என்ன நட்டம்?

எஞ்சினின் பலத்தைப் பம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெல்ட்டு. மாட்டுக்கும் ஏருக்கும் நடுவே நுகத்தடி எப்படியோ அப்படி. நுகம் கோணினால் மாடு எத்தனை நல்ல மாடானாலும் உழவு ஓடாது.

மையவிலக்குப் பம்பின் குணம் ஒன்று உண்டு. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தண்ணீரை உயரத்துக்குத் தள்ளும் சக்தி அதைவிடக் கூடுதலாகக் குறையும். வேகம் 10 சதவீதம் குறைந்தால், தள்ளும் உயரம் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். 16 மீட்டர் தள்ளுகிற பம்பு 13 மீட்டரோடு நின்றுவிடும். ஆகவே பெல்ட்டு சிறிது வழுக்கினாலும் குழாயில் வருகிற தண்ணீர் பாதிக்குக் கிட்டே போய்விடக்கூடும். நாமோ கிணறு வற்றிவிட்டது, பம்பு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதை அளந்து பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. 200 லிட்டர் பிடிக்கும் தார் டிரம் ஒன்றைக் குழாயின் கீழே வையுங்கள். எத்தனை விநாடியில் நிறைகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பாட்டா வீட்டுக் குழாயில் டிரம் நிறைய 40 விநாடி ஆயிற்று. அதாவது விநாடிக்கு 5 லிட்டர். பெல்ட்டைச் சரிசெய்த பிறகு அதே டிரம் 25 விநாடியில் நிறைந்தது. அதாவது விநாடிக்கு 8 லிட்டர். ஐந்து மணி நேரத்தில் பாய்ச்ச வேண்டிய தண்ணீரை அவர் எட்டு மணி நேரம் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பளுவில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். பளு குறைந்தால் சற்றுக் குறையும். எப்படிப் பார்த்தாலும் தினம் இரண்டு லிட்டருக்கு மேல் வீண். ஒரு பூவுக்கு எத்தனை நாள் இறைக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உயிர், பிறகுதான் எஞ்சின்

பெல்ட்டில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை. நான் இந்த வேலை பழகிய காலத்தில் என் மாமா ஒருவர், ஓடுகிற எஞ்சினில் நழுவிய பெல்ட்டைக் கையால் தள்ளிப் பார்த்தார். கண் இமைக்கும் நேரம்தான். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதன் பிறகு அவரால் மண்வெட்டியைக் கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கையை நினைத்துத்தான் எங்கே போனாலும் இதை முதலில் சொல்லுகிறேன்.

எஞ்சினை நிறுத்துங்கள். டீசல் குழாயை அடையுங்கள். சக்கரம் முழுதும் ஓய்ந்து நிற்கட்டும். கைப்பிடியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். மின்சார மோட்டார் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃப்யூஸையும் பிடுங்கி உங்கள் மடியிலே வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். தோளில் துவர்த்து தொங்கக் கூடாது. பெண்கள் சேலைத் தலைப்பையும் சடையையும் முடிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளைப் பம்பு ஷெட்டுக்குள் விடாதீர்கள். வேலை முடிந்ததும் பெல்ட்டுக்கு மேலே கம்பிவலை மூடி ஒன்று கட்டாயம் போடுங்கள்.

புல்லியைப் பாருங்கள்

பெல்ட்டைக் கழற்றியதும் புல்லியின் பள்ளத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 'வி' பெல்ட்டு பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் ஓட வேண்டும். அடித்தட்டைத் தொடக் கூடாது. பள்ளத்தின் அடிப்பாகம் வெள்ளிக்காசு போலப் பளபளத்தால், பெல்ட்டு தேய்ந்து அடியில் உட்கார்ந்து ஓடுகிறது, அல்லது பள்ளம் தேய்ந்து அகன்றுவிட்டது என்று பொருள். இப்படிப்பட்ட பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கத்தான் செய்யும்.

புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டோடு புல்லியைப் பூட்டும் சாவி தளர்ந்திருந்தால் கடகடவென்று ஆடும். தண்டே மேலும் கீழும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் பெல்ட்டை மட்டும் இழுத்துக் கட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

பெல்ட்டின் முதுகில் 'பி-60' என்பது போல எழுதியிருக்கும். எழுத்து பெல்ட்டின் பருமனைக் காட்டும். எண் உள்சுற்று நீளம் எத்தனை அங்குலம் என்பதைக் காட்டும். 'ஏ' பெல்ட்டின் மேல்பக்க அகலம் 13 மில்லிமீட்டர், 'பி' பெல்ட்டு 17, 'சி' பெல்ட்டு 22. கடைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டு பெல்ட்டு ஓடுகிற இடத்தில் ஒன்று அறுந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பெல்ட்டு நீண்டு தளர்ந்திருக்கும். புதிது குட்டையாக இருக்கும். பளு முழுவதும் புதிதின் தலையிலே விழும். ஒற்றை மாட்டை வைத்து ஏர் உழுத மாதிரி அது சீக்கிரமே களைத்து அறும். பாட்டா செய்த முதல் தவறு இதுதான்.

இரண்டாவது தவறு குங்கிலியம். பழைய பட்டை பெல்ட்டுக்கு அப்படித் தூவுகிற வழக்கம் இருந்தது. 'வி' பெல்ட்டுக்கு அது ஆகாது. முதலில் பிடித்தது போல இருக்கும், பிறகு ரப்பரில் பிசினாக ஒட்டி மண்ணையும் தூசியையும் பிடித்துவைத்து அதை அரித்துவிடும். கிரீஸ், எண்ணெய், தார், சோப்பு எதுவும் வேண்டாம். டீசலோ எண்ணெயோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள்.

நூல் பிடிப்பது எப்படி?

இனி நேர் பார்க்கும் வேலை. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிறாரே, அதே முறைதான்.

பெரிய புல்லியின் வெளிமுகத்தில் ஒருவர் நூலின் நுனியைப் பிடிக்கட்டும். மற்றவர் நூலைச் சின்னப் புல்லிக்கு அப்பால் வரை இழுத்து விறைப்பாகப் பிடித்து, மெல்ல மெல்லப் புல்லியின் முகத்துக்குக் கொண்டுவரட்டும். பெரிய புல்லியின் இரண்டு விளிம்பு, சின்னப் புல்லியின் இரண்டு விளிம்பு, ஆக நாலு இடத்திலும் நூல் ஒரே நேரத்தில் தொட வேண்டும். நாலும் தொட்டால் நேர்.

நூல் பெரிய புல்லியின் இரண்டு விளிம்பையும் தொட்டு, சின்னதிலே இரண்டு விளிம்புக்கும் ஒரே அளவு விலகி நின்றால், இரண்டு தண்டும் இணையாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு புல்லி பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது. புல்லியைத் தண்டிலே நகர்த்துங்கள், அல்லது எஞ்சினையே பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

சின்னப் புல்லியில் ஒரு விளிம்பை மட்டும் தொட்டு, மறு விளிம்பில் விலகினால், எஞ்சின் கோணி உட்கார்ந்திருக்கிறது. அடிப்போல்ட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சற்றே திருப்ப வேண்டும்.

மூன்றாவது கோணல் ஒன்று உண்டு, அது நூலுக்குச் சுலபத்தில் அகப்படாது. எஞ்சின் ஒரு பக்கம் தாழ்ந்து சாய்ந்திருப்பது அது. இதற்குத் தூக்குக்குண்டை எடுத்துப் புல்லியின் முகத்தில் தொங்கவிடுங்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கயிறு ஒன்றாகத் தொட வேண்டும். இரண்டு புல்லியிலும் இப்படிப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் அடியிலே தகட்டுத் துண்டு வைத்து நிமிர்த்துங்கள். மரத்துண்டு வேண்டாம், அது நைந்து போகும்.

ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு புல்லியின் விளிம்புத் தடிப்பும் ஒன்றாக இருந்தால்தான் வெளிமுகத்தில் நூல் பிடிப்பது சரியாக வரும். தடிப்பு வேறுபட்டால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நேராக வரவேண்டியது பள்ளத்துக்குப் பள்ளம்தான்.

எவ்வளவு கோணல் பொறுக்கும் என்று கேட்பீர்கள். ஒரு மீட்டர் இடைவெளிக்கு 8, 9 மில்லிமீட்டர் விலகல்தான் 'வி' பெல்ட்டு தாங்குகிற கடைசி எல்லை. எல்லை வரை போவானேன்? நூல் நாலு இடமும் தொடுகிறவரை பாருங்கள். பாட்டாவின் எஞ்சின் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை கோணியிருந்தது. அதிர்ச்சியில் அடிப்போல்ட்டு தளர்ந்து எஞ்சின் தானே நகர்ந்திருக்கிறது. நமது கடற்கரை உப்புக்காற்றில் போல்ட்டு துருப்பிடித்து அரித்துப் போவது சகஜம். போல்ட்டு மரைக்கு மட்டும் கிரீஸ் தடவி வைத்தால் துருவும் ஏறாது, வேண்டியபோது கழற்றவும் வரும்.

மீன் தராசால் இறுக்கம் பார்ப்பது

எஞ்சினைப் பம்பின் பக்கம் தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே பள்ளத்தில் போடுங்கள். கடப்பாரையோ ஸ்குரூ டிரைவரோ கொடுத்து நெம்பி ஏற்றினால், பெல்ட்டுக்குள்ளே இருக்கிற நூல்கயிறு அறுந்துபோகும். வெளியே தெரியாது. பத்து நாளில் பெல்ட்டு அந்த இடத்தில் வீங்கி அறுந்து விழும். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

பிறகு எஞ்சினைப் பின்னுக்கு நகர்த்தி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "கம்பி மாதிரி இழுத்துக் கெட்டியிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். வீணைக் கம்பி மாதிரி இறுக்கினால் பெல்ட்டு வழுக்காது, வாஸ்தவம். ஆனால் அந்த இழுப்பு முழுவதும் பம்பின் பேரிங் மேலே விழும். பேரிங் சூடேறித் தேயும், தண்டு ஆடும், கிளாண்டிலே தண்ணீர் ஒழுகும், காற்று வாங்கும். பெல்ட்டு விலையை மிச்சம் பிடிக்கப்போய் பம்பு விலையைக் கொடுக்க வேண்டி வரும்.

சரியான அளவு இது. இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டு எதையும் தொடாமல் அந்தரத்தில் ஓடுகிற நீளத்தை அளவெடுங்கள். மீட்டருக்கு 16 மில்லிமீட்டர் என்ற கணக்கில், நடு இடத்தில் பெல்ட்டு வளைய வேண்டும். நீளம் 75 சென்டிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர். அரை மீட்டர் என்றால் 8 மில்லிமீட்டர்.

பெல்ட்டின் மேலே ஒரு நேர்க்கம்போ நூலோ பிடித்துக்கொள்ளுங்கள். நடு இடத்தில் ஒரு பெல்ட்டை மட்டும் ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டி, நேர் செங்குத்தாக இழுங்கள். சொன்ன அளவு வளைகிறபோது தராசு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'ஏ' பெல்ட்டுக்கு 1 முதல் ஒன்றரைக் கிலோ, 'பி' பெல்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ, 'சி' பெல்ட்டுக்கு 4 முதல் 6 கிலோ. முள் இதற்குக் கீழே நின்றால் தளர்ச்சி, மேலே நின்றால் இறுக்கம் அதிகம். புது பெல்ட்டு என்றால் கால் பங்கு கூடுதலாக வைக்கலாம், ஏனென்றால் ஓட ஓட அது கொஞ்சம் இளகும். எஞ்சினோடு விளக்கப் புத்தகம் தந்திருந்தால் அதில் சொன்ன அளவே முதல் அளவு.

அடிப்போல்ட்டுகளை எதிரெதிராக, சமமாக முறுக்குங்கள். முறுக்கியதும் இன்னொரு தடவை நூல் பிடித்துப் பாருங்கள். போல்ட்டு முறுக்கும்போதே எஞ்சின் இம்மியளவு நகர்ந்துவிடும். இந்த இரண்டாவது தடவை பார்ப்பதை அநேகம்பேர் விட்டுவிடுகிறார்கள். பின்பு சக்கரத்தைக் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி, பெல்ட்டு பள்ளத்தில் படிந்ததா என்று கவனித்து, அதற்கப்புறம் எஞ்சினை ஓட்டுங்கள்.

புது பெல்ட்டு அரைமணி நேரம் பளுவோடு ஓடியதும் நிறுத்தி மீண்டும் இறுக்கம் பாருங்கள். மறுநாள் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

புல்லி அளவுக் கணக்கு

சிலர் பழைய எஞ்சினுக்குக் கிடைத்த புல்லியை மாட்டிவிடுகிறார்கள். கணக்கு சுலபமானது. எஞ்சின் சுற்றை எஞ்சின் புல்லியின் விட்டத்தால் பெருக்குங்கள். பம்புக்கு வேண்டிய சுற்றால் வகுங்கள். வருவது பம்பு புல்லியின் விட்டம். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய மெதுவேக எஞ்சினில் 11 அங்குலப் புல்லி இருக்கிறது, பம்புக்கு 1430 சுற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 650ஐ 11ஆல் பெருக்கினால் 7150. அதை 1430ஆல் வகுத்தால் 5. ஆக, பம்புக்கு 5 அங்குலப் புல்லி. தண்ணீர் கூட வரட்டும் என்று இன்னும் சின்னப் புல்லி போடாதீர்கள். வேகம் ஏற ஏறப் பம்பு கேட்கிற பலம் வேகத்தைவிடப் பன்மடங்காக ஏறும். எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கும்.

பட்டை பெல்ட்டு ஓட்டுகிறவர்கள், இழுக்கிற பக்கம் கீழேயும் தளர்ந்த பக்கம் மேலேயும் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெல்ட்டு புல்லியை அதிகமாகத் தழுவும், வழுக்கல் குறையும்.

எஞ்சினுக்குள்ளேயும் ஒரு நேர் உண்டு

இதுவரை சொன்னது வெளியே ஓடுகிற பெல்ட்டு. எஞ்சினுக்குள்ளேயும் இதே மாதிரி ஒரு தொடர்பு இருக்கிறது. அதை டைமிங் என்று மெக்கானிக்குகள் சொல்லுகிறார்கள். காற்றை உள்ளே விடுகிற வால்வும், புகையை வெளியே விடுகிற வால்வும் சரியான சமயத்தில் திறந்து மூட வேண்டும். அதற்கு, பெரிய தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுத் தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். விதைப்பும் நடவும் பருவம் தவறினால் விளைச்சல் என்ன ஆகும்? எஞ்சினுக்கும் அப்படித்தான்.

நமது பம்பு எஞ்சினிலும் டிராக்டரிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் பல்சக்கரங்கள் செய்கின்றன. அவற்றில் புள்ளியோ கோடோ குறித்திருக்கும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது குறிக்குக் குறி சேர வேண்டும். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் கிளம்பாது, அல்லது கிளம்பிப் புகை கக்கும். வால்வு பிஸ்டனில் இடிக்கவும் கூடும்.

மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் பல்சக்கரத்துக்குப் பதிலாகப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டு இருக்கிறது. இந்தப் பல் பெல்ட்டு நம் பம்பு பெல்ட்டு மாதிரி வழுக்காது. தளர்ந்தால் ஒரு பல் தாண்டிக் குதிக்கும். குதித்தால் பருவமே மாறிப்போகும். அதிகம் இறுக்கினால் ஊளையிட்டுக்கொண்டே ஓடும், உருளையின் பேரிங் தேயும். ஆகவே உள்ளேயும் அதே இரண்டு விதிதான்: நேர், இறுக்கம்.

இன்னொன்று சமநிலைத் தண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எஞ்சின் உதறும். அந்த உதறலை அடக்க, ஒரு பக்கம் பளு வைத்த தண்டுகளை எதிராகச் சுற்றவிடுகிறார்கள். தராசில் ஒரு தட்டுக்கு மறு தட்டு மாதிரி. டில்லர்களிலும் சிறு இயந்திரங்களிலும் ஓடுகிற எஸ்-195 வகைப் படுக்கை எஞ்சினில் இப்படி இரண்டு தண்டுகள் பல்சக்கரத்தால் ஓடுகின்றன. நாலு சிலிண்டர் கார் எஞ்சினில் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியார் 1975ஆம் ஆண்டு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் தண்டுகள் எஞ்சினைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். பின்னால் வந்த அவர்கள் எஞ்சின்கள் பலவற்றில் சமநிலைத் தண்டுக்கென்றே தனியாக ஒரு சின்னப் பெல்ட்டு உண்டு. குறி மாறிப் பூட்டினால் உதறலை அடக்க வேண்டிய தண்டே உதறலைக் கூட்டிவிடும். அந்தச் சின்னப் பெல்ட்டு அறுந்தால் அதன் துண்டு பெரிய டைமிங் பெல்ட்டில் சிக்கி, அதையும் கெடுத்துவிடக்கூடும்.

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று நாலு விஷயத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பிரிக்கும் முன்பே குறிகளைச் சேர்த்துவைத்து, குறி தெரியாவிட்டால் பெயின்ட்டால் புதுக்குறி வைத்தாரா? எண்ணெய் பட்ட பெல்ட்டு என்றால், ஒழுகுகிற எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றினாரா? இறுக்கும் உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தாரா? பெல்ட்டைப் பூட்டியபிறகு எஞ்சினை அது ஓடுகிற திசையிலேயே கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் சேர்கின்றன என்று உங்களுக்குக் காட்டினாரா? சேர்ந்தால் சரி. சேராவிட்டால் சாவி போடக் கூடாது. இந்த இரண்டு சுற்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைச் சோம்பினால் எஞ்சினின் தலையையே பிரிக்க நேரிடலாம். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரோ வருஷமோ வந்துவிட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கேரள அரசின் காம்கோ டில்லரும், பெங்களூரின் வி.எஸ்.டி. டில்லரும் நம் பக்கத்து வயல்களில் பழக்கமானவை. எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் பலம் போவது 'வி' பெல்ட்டு வழியாகத்தான். சேற்றுழவில் பெல்ட்டு மூடிக்குள்ளே சேறும் வைக்கோலும் புகுந்து கட்டிப்போகும். அன்றாடம் உழவு முடிந்ததும் மூடியைத் திறந்து கழுவுங்கள். எஞ்சினை நகர்த்தியோ, இறுக்கும் உருளையைத் தள்ளியோ, அந்தந்த டில்லரின் அமைப்புப்படி இறுக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சேற்றில் நிற்கிறது என்றால் கிளட்சைக் குறை சொல்லுமுன் பெல்ட்டைப் பாருங்கள்.

அறிகுறிகள்

கிளம்பும்போது கீச்சிட்டால் தளர்ச்சி. பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் கோணல். கீழே கறுப்புப் பொடி விழுந்தால் கோணலோ வழுக்கலோ இருக்கிறது. பெல்ட்டு பள்ளத்திலேயே புரண்டு விழுந்தால் கோணல், அல்லது உள்ளே கல் விழுந்திருக்கிறது. பேரிங் கை வைக்க முடியாமல் சுட்டால் இறுக்கம் அதிகம். உள்பக்கம் குறுக்கே வெடித்தால் சூட்டாலோ வயதாலோ பெல்ட்டு முடிந்துவிட்டது. வாங்கி வைத்த மாற்றுப் பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாமல், வெயிலும் டீசலும் படாத இடத்தில் சுருட்டி வையுங்கள்.

பாட்டா வீட்டில் அன்றைக்கு ஆன செலவு ஒரு ஜோடி பெல்ட்டு விலையும் ஒன்றரை மணி நேரமும்தான். மத்தியானத்துக்குள் வெள்ளம் கடைசி வயலைத் தொட்டது. டிரம் 25 விநாடியில் நிறைந்ததைப் பேரன் பம்பு ஷெட்டுச் சுவரிலே கரியால் எழுதிவைத்தான். "இனி இதைவிடக் கூடினா நூலை எடுக்கணும், அப்படித்தானே?" என்று என்னைக் கேட்டான். அப்படியேதான்.

நீங்களும் உங்கள் பம்பு ஷெட்டுச் சுவரில் அந்த எண்ணை இன்றைக்கே எழுதிவையுங்கள். கும்பப்பூவுக்கும் கன்னிப்பூவுக்கும் ஓட்டம் தொடங்குமுன்பே ஒருமுறை நூல் பிடித்துவிடுங்கள். கதிர் வாடின பிறகு எஞ்சினைத் திறந்து பார்ப்பதைவிட, நாற்றங்காலில் விதை விழுகிறபோதே பார்ப்பது நல்லது.